வெள்ளைக்கோடு இல்லாத மொச்சை

மாணிக்கம் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவன் காலில் செருப்பு இல்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன். வேலை முடிந்து குளித்துவிட்டு, துவைத்த துணியைக் காயப்போட வெளியே வந்த நேரம் அது. வெயில் உச்சியிலிருந்து சற்றே சாய்ந்திருந்தது.

"அக்கா, சரோஜாவுக்கு வாய் மரத்துப் போச்சுங்குது. நாலஞ்சு தடவ வாந்தி. எழுப்பி நிக்க வச்சா கால் மடங்குது."

சரோஜா என் கணவரின் தங்கை. மாணிக்கம் அவள் கணவன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எதிர் லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. அவள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. என்னோடு அவள் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்ன சாப்பிட்டுச்சு தம்பி?"

"மொச்சக் குழம்புதான். நீங்க மச்சான்கிட்ட குடுத்து விட்டீங்களே, அந்த மொச்ச. நான் இன்னும் சாப்பிடல. லோரிய விட்டு எறங்கி வந்து பாத்தா, அடுப்பு பக்கத்துல கெடக்குது."

அவன் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ஆனால் என் கையிலிருந்த ஈரத்துணி மண்ணில் விழுந்ததை அவன் பார்த்தான்.

ஒரு வாசகரின் கேள்வி

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு இடையே வளரும் கொடிகளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். உலு யாமிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'இவ்வளவு கொடிகளைத் தெரிந்து வைத்திருக்கிறீர்களே, இவற்றில் எதையெல்லாம் சாப்பிடலாம்?' என்று கேட்டிருக்கிறார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்கு நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஏன் என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். புல் பிடுங்கும் பெண்கள் கூட்டத்துக்கு நான் மண்டோர், அதாவது கங்காணி. எந்தக் கொடியை விட வேண்டும், எதைப் பிடுங்க வேண்டும் என்று பதினெட்டுப் பெண்களுக்குச் சொல்வதுதான் என் வேலையில் பாதி.

விட வேண்டியவை மூன்று. தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டர் அவற்றை புராரியா, சென்ட்ரோ, கலப்போ என்பார். மூன்றும் அவரை இனம். ஒரு காம்பில் மூன்று இலை. நிலத்தை மூடிக்கொள்ளும், மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகு கடுகாக முண்டு இருக்கும். மண்ணுக்கு உரம் அங்கிருந்துதான் என்று கண்டக்டர் சொல்லிக்கொடுத்தார்.

இலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பூவை வைத்தும் தடவிப் பார்த்தும் சொல்வேன். சென்ட்ரோவுக்குப் பெரிய ஊதாப்பூ, கவிழ்த்துப் போட்டதுபோல் இருக்கும். கலப்போவின் பூ சின்ன நீலம், காயில் செம்பட்டை முடி. புராரியா இலையின் அடியைத் தடவினால் பூனை முதுகுபோல் இருக்கும்.

இவற்றுக்கு நடுவே தானாக முளைப்பவையும் உண்டு. வேலியில் சங்குப்பூ ஏறும். பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, பெண்கள் வந்து பறித்துப் போய்ச் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நீலம் ஏற்றுவார்கள். குன்றிமணி ஏறும், பிள்ளைகள் கண்ணில் படுமுன் வெட்டிவிடச் சொல்வேன். பூனைக்காலியைத் தொட்டால் அன்றைக்கு முழுக்க அரிப்பு. இதையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்வேன். சொல்வதில் எனக்குப் பெருமையும் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

சமாதானத்துக்கு ஒரு மங்கு

சரோஜாவுக்கு மாணிக்கத்தைப் பேசியபோது, 'பையன் குடிக்கிறதா சொல்றாங்க, நல்லா விசாரிங்க' என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் நாலு பேரிடம் விசாரித்தார். அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் சந்தனத் தட்டை எல்லோருக்கும் நீட்டிய சரோஜா, என் முன்னால் வந்ததும் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் நான் நின்றால் அவள் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதுகூட எனக்கு வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரியும். 'ஒண்ணும் வயித்துல தங்கல அதுக்கு. பச்ச மொச்சக் குழம்பு இருந்தா ரெண்டு வாய் சாப்பிடலாம்னு சொல்லுச்சு' என்றாள் அந்தப் பெண்.

மறுநாளே எனக்கு மொச்சை கண்ணில் பட்டது. தோட்டத்து எல்லையில் ஒரு சீனர் காய்கறி போட்டுவிட்டுக் கைவிட்டுப் போன நிலம் இருந்தது. அதை ஒட்டிச் சாய்ந்து கிடந்த பால்மரத்தின் மேல் மொச்சைக்கொடி காடாகப் படர்ந்திருந்தது. ஊதாப்பூ. வாள் நுனிபோல் வளைந்த மூக்குள்ள காய். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மழை இறங்கப் போகிற நேரம். இரண்டு கையாலும் உருவி மடியில் போட்டேன். சில காய்கள் உள்ளங்கையில் சொரசொரவென்று பட்டன. பட்டது எனக்குத் தெரியும். முற்றிய காய் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அந்தி நேரத்தில் மங்கலான வெளிச்சத்தில் திண்டில் உட்கார்ந்து உரித்தேன். ஒரு மங்கு, பெரிய கிண்ணம், நிறைந்தது. என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன சொல்லுச்சு?"

"வாங்கிக்கிச்சு."

வாங்கிக்கொண்டாளே, அது போதும் என்று படுத்தேன்.

'நானே பறிச்சேன்'

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறைகள். டிரசர் ஒருவர்தான் மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் எல்லாம். மாணிக்கம் சரோஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காரவைத்தான். அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. உதட்டை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

டிரசர் நாடி பிடித்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "மொச்சையில இப்படி வராதே. எங்க வாங்கினது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் கணவர் ஆலையில் பகல் ஷிஃப்டில் இருந்தார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்கல," என்றாள் சரோஜா. நாக்கு குழறியது. "நானே பறிச்சேன். காட்டுல."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாணிக்கம் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நான் சும்மா நின்றேன். எழுதும்போதே கூசுகிறது. சும்மாதான் நின்றேன்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூச்சு சரியில்ல," என்றார் டிரசர். "அங்க போனதும் என்ன சாப்பிட்டதுன்னு கேப்பாங்க. மீதி ஏதும் இருந்தா யாராவது எடுத்துட்டு வாங்க. வேன் நிக்காது."

தோட்டத்து வேன் செம்மண் பாதையில் இறங்கிப் போனது. பின் கண்ணாடியில் மாணிக்கத்தின் முதுகு மட்டும் தெரிந்தது.

சட்டியில் இருந்தவை

சரோஜாவின் சமையலறைக்கு ஓடினேன். அவள் என்னை அனுமதிக்காத வீடு. சட்டியில் குழம்பு பாதிக்கு மேல் இருந்தது. கரண்டியால் மொச்சையை எடுத்து, கழுவி, உள்ளங்கையில் பரப்பினேன்.

மொச்சை விதையின் ஓரத்தில் தடித்த வெள்ளைக்கோடு ஒன்று இருக்கும். வேகவைத்தாலும் போகாது. மொச்சை சாப்பிட்ட எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

முதல் விதையில் கோடு இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது தட்டையாக, மூலை வைத்ததுபோல் சதுரமாக இருந்தது. கோடு இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றில் ஒன்று அப்படி இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் நான் கொட்டியிருந்த தோலைக் கிளறினேன். வழவழப்பான தோல்களுக்கு நடுவே சொரசொரப்பானவை கிடந்தன. விதைக்கு விதை உள்ளே ஒடுங்கிய காய். மூக்கு வளையாத காய். உரித்தவள் நான்தான். பேச்சு வார்த்தை இல்லாத நாத்தனார் நாளைக்கு என்னைப் பார்த்து என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டே உரித்திருக்கிறேன்.

சைக்கிளை எடுத்தேன். சீனர் நிலத்துக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தூரம் இருக்கும். போகும்போது, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதோடு கூடவே, போலீஸ் வருமோ என்றும் நினைத்தேன். இரண்டு எண்ணமும் ஒன்றாகத்தான் வந்தன. எது முந்தி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாய்ந்த மரத்தில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடந்தன. நிதானமாகப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். மொச்சையின் இலை ஓரம் நேராக இருந்தது. மற்றதன் இலை அகலமாக, மேல்பாதியில் பல் பல்லாக வெட்டியிருந்தது. பூ மட்டும் இரண்டிலும் ஊதா. நான் மொச்சையின் இலையைப் பார்த்துவிட்டு இரண்டின் காயையும் பறித்திருக்கிறேன்.

பல் இலைக்கொடியைத் தொடர்ந்து போனேன். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. கத்தியால் சுற்றிக் கொத்தி இழுத்ததும் அடியில் ஒரு கிழங்கு வந்தது. பம்பரம்போல், என் இரண்டு கைப்பிடி அளவு. தோலைக் கீறினேன். உள்ளே வெள்ளை.

செங்குவாங். சடக்கோர, அதாவது ரோட்டோர, கடைகளில் கொத்தாகக் கட்டித் தொங்கவிடும் அதே கிழங்கு. எத்தனையோ முறை தோலுரித்துக் கடித்துத் தின்றிருக்கிறேன். கிழங்கைத் தின்ற எனக்கு அதன் கொடியைத் தெரியவில்லை. காயைத் தெரியவில்லை. பிறகு எப்படி மண்டோர்?

இலை, பூ, காய், கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிச் சாக்கில் போட்டேன். சட்டி மொச்சையை ஒரு டின்னில் அடைத்துக்கொண்டேன். செம்பனைப் பழம் ஏற்றி வந்த லோரிக்காரர் தார்ச் சடக்கு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து பஸ்.

பஸ்ஸில்

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சாக்கு மடியில் இருந்தது. வழியில் ஒரு பெரிய கால்வாயை ஒட்டி பஸ் போகும். எறிந்தால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அவள்தான் தானே பறித்ததாகச் சொல்லிவிட்டாளே. மாணிக்கமும் மறுக்கவில்லையே. டின்னை மட்டும் கொடுத்தால் போதாதா?

ஒரு கையைச் சாக்கின் வாயில் வைத்தபடியே இருந்தேன். கால்வாய் வந்தது. நீண்டுகொண்டே போனது. பிறகு முடிந்துவிட்டது. நான் நல்லவள் என்பதால் எறியாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. கை சாக்கின் வாயை விடவில்லை, அவ்வளவுதான்.

தாதி சொன்ன பெயர்

டாக்டர் இளைஞர், மலாய்க்காரர். டின்னிலிருந்த விதையைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. சாக்கை அவிழ்த்துத் தரையில் போட்டேன். பக்கத்தில் நின்ற வயதான தாதி குனிந்து பார்த்துவிட்டு, "இனி செங்குவாங் லா," என்றார். இது செங்குவாங்தானே என்று பொருள். கிழங்குதான் தின்னலாம், விதை விஷம், தன் அம்மா அதை அரைத்துப் பூச்சிக்குத் தெளிப்பார் என்று மலாயில் சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நோயாளிதான் பறித்தாரா என்று கேட்டார்.

மாணிக்கம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டையில் அவள் வாந்தி காய்ந்திருந்தது. குடிக்கிறவன் என்று நான் சொன்ன ஆள்.

"சாயா யாங் பெத்தேக்," என்றேன். நான்தான் பறித்தேன்.

தமிழில் ஒருமுறை மாணிக்கத்துக்கும் சொன்னேன். "நான்தான் தம்பி. சரியா பாக்காம பறிச்சிட்டேன்."

"தெரியும்க்கா," என்றான்.

மாற்று மருந்து இதற்குக் கிடையாது என்றார் டாக்டர். வயிற்றைக் கழுவியாகிவிட்டது. இனி மூச்சைத்தான் பார்க்க வேண்டும். என்ன விஷம் என்று தெரிந்ததால் அவளைத் தாதியின் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த 'நாளைக்கு' வருவதற்குள் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை.

காலையில்

விடிந்து ஜன்னல்கள் திறந்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். சரோஜா தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் குழாய். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கிறது என்று தாதி சொல்லியிருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த குழாயை நகர்த்திக்கொண்டாள். "நீங்க குடுத்ததுன்னு சொன்னா, வேணும்னே குடுத்தீங்கன்னுதான் லயமே பேசும். அண்ணன் காதுக்குப் போகும்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோணுச்சு அண்ணி."

அண்ணி என்று அவள் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனச்சிக்காதீங்க," என்றாள். "அது வேற."

ஐந்து மாதம்

மூன்றாம் நாள் அவள் வீடு திரும்பினாள். என் கணவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் குடித்தார்.

லயத்தில் பேச்சு நிற்கவில்லை. ஆனால் பேச்சைவிட எனக்குள் நடந்ததுதான் மோசம். சென்ட்ரோவைப் பார்த்தால் சென்ட்ரோதானா என்று சந்தேகம். இலையைத் திருப்புவேன், காயைப் பிளப்பேன், மறுபடி திருப்புவேன். 'என்ன மண்டோர், கொடிகிட்ட ஜாதகமா கேக்குறீங்க?' என்று கண்டக்டர் சிரித்தார். பெண்கள் ஏதாவது கீரையைக் காட்டி நல்லதா என்று கேட்டால், தெரிந்த கீரையாகவே இருந்தாலும் 'தெரியல, தொடாத' என்பேன்.

சரோஜாவின் வயிறு பெரிதாகப் பெரிதாக என் பயமும் வளர்ந்தது. டாக்டர் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார். பிறந்து பார்த்தால்தானே தெரியும்? அவள் குழாயடிக்கு வரும்போதெல்லாம் நடையைக் கவனிப்பேன். அவள் என்னோடு இரண்டொரு வார்த்தை பேசுவாள். தண்ணீர் வரவில்லை, வெயில் அதிகம், அந்த மாதிரி.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர்கள் வீட்டுக்கு வெளியே நின்று அது அழுவதைக் கேட்டேன். நல்ல கனமான அழுகை. உள்ளே போகத் துணிவு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மாணிக்கம் வந்தான். "அக்கா, பத்தியச் சோறு நீங்கதான் ஆக்கிக் கொண்டாரணுமாம்."

"யாரு சொன்னது?"

"அதுதான்."

என் மாமியார் எப்போதோ இறந்துவிட்டார். செய்ய வேறு ஆள் இல்லாமல் கேட்டாளா, வேண்டுமென்றே கேட்டாளா என்று நான் ஆராயவில்லை. ஜெராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் பால்சுறா வாங்கினேன். பூண்டும் மிளகும் போட்டுப் புட்டு செய்தேன். ஒவ்வொரு பூண்டுப் பல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

சோற்றுத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். வைத்த கை எடுக்க வரவில்லை. ஒரு பிடி எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். மென்றேன். இன்னொரு பிடி எடுத்தேன்.

சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குன்னு கொண்டாந்தத நீங்களே தின்னா எப்படி?"

"உப்பு பாக்குறேன்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவினாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். அரைமணி நேரம் ஆனது. ஒருமணி நேரம் ஆனது.

"வேல இல்லியா அண்ணி?"

"இருக்கு," என்றேன். எழுந்திருக்கவில்லை.

"அப்ப இதக் கொஞ்சம் புடிங்க," என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.